நாற்பத்தாறு பேருக்கு ஓர் ‘ஆம்’

கார்காலம் அவ்வாண்டு அவசரமின்றி வந்தது. முதலில் வெயில் மங்கிற்று. பின் காற்று தன் நடையை மாற்றிக்கொண்டது. நெடுநாள் எண்ணிப் பார்த்து முடிவுக்கு வந்தவரைப் போல, அதன் பின்னரே வானம் பெய்யத் தொடங்கிற்று. தொடங்கியது நிற்கவில்லை. கூரைகளின் விளிம்பில் நீர்மணி வடங்கள் அறுந்து அறுந்து மீண்டும் கோத்துக்கொண்டன. தெருக்கள் பேச்சைக் குறைத்தன. அடைத்த சன்னல்களின் உள்ளே மனிதர் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு தத்தம் மூச்சின் ஒலியைத் தாமே கேட்டிருந்தனர். யாரோ ஒருவர் உலகின் மேல் கருநிறப் போர்வை ஒன்றை இழுத்துவிட்டு, ஓசைப்படாமல் கதவைச் சாத்திப் போனாற்போன்ற அமைதி. அத்தகைய அமைதியில் தனித்திருப்பவர்க்கு இறைவன் மிக அண்மையில் இருப்பதாகவும் தோன்றும். எட்டாத் தொலைவில் இருப்பதாகவும் தோன்றும்.

அவ்வூரில் தனித்திருப்போர் நாற்பத்தாறு பேரின் காலைப்பொழுது, மருந்துக்கடை மாடியில் இருந்த இரண்டு அறைகளின் பொறுப்பில் இருந்தது. காலை அழைப்பு நிலையம் என்று வாசலில் எழுதியிருக்கும். நாள்தோறும் ஏழு மணிக்கு அங்குள்ள கணினி ஒவ்வொருவரையும் வரிசையாகத் தொலைபேசியில் அழைக்கும். “நலமா? நலமென்றால் ஒன்றை அழுத்துங்கள்” என்னும். எடுத்து அழுத்தினால் சரி. எடுக்காவிட்டால் அவர் பெயர் சுவரில் உள்ள திரையில் சிவப்பாக எரியும். உடனே ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவ்வீட்டின் கதவைத் தட்டுவார். பதினோரு ஆண்டாக அதையே செய்து வந்ததால் அவருக்குக் ‘கதவுதட்டி’ என்பதே பெயராகிவிட்டது. திறக்க ஆளில்லாத கதவுகளுக்கு மாற்றுச் சாவிகளும், எண் எழுதிய உறைகளில், அவர் பெட்டியில் இருந்தன.

கணினிக்கு நிரல் எழுதுபவளோ முப்பத்தெட்டு வயதுப் பெண். எழுதிய வரியை மீண்டும் மீண்டும் செதுக்கி, இனி இதில் ஓர் எழுத்தும் மிகையில்லை என்றான பிறகே கையை எடுப்பாள். அதனால் அவளுக்குச் ‘சிற்பி’ என்று கதவுதட்டி அண்ணன் பெயர் வைத்தார், அது ஒட்டிக்கொண்டது. மேசையில் அமர்ந்து திரையைப் பார்ப்பதும் கேட்பவர்க்குப் பதில் சொல்வதும் அவளுடைய உடன்பிறந்தவரின் மனைவியான அண்ணியின் வேலை. வீட்டில் ஒரே அடுப்பு, வேலையில் ஒரே மேசை என்பதால் இருவருக்கும் இடையே வாய்ச்சண்டைக்கு என்றும் பஞ்சம் வந்ததில்லை.

அந்த மழையில் நிலையத்துக்கு ஒரு பொற்காலம் வாய்த்தது. வழக்கமாக நாளுக்கு இரண்டு மூன்று பெயராவது சிவக்கும். குளிக்கப் போனவர், கடைக்குப் போனவர், காது கேளாதவர் என்று காரணங்கள் இருக்கும். மழை வலுத்த பிறகோ தொடர்ந்து ஒன்பது நாள் திரையில் ஒரு சிவப்பும் இல்லை.

“மழை பெஞ்சா யாரும் வெளிய போறதில்ல. போன மடியிலயே வச்சிக்கிட்டு உக்காந்திருப்பாங்க போல,” என்றாள் அண்ணி.

“எனக்குத்தான் கை அரிக்குது,” என்றார் கதவுதட்டி அண்ணன். “ஒன்பது நாளா ஒரு கதவ தட்டல. நேத்து எங்க வீட்டுக் கதவையே தட்டிட்டு நின்னேன். பொண்டாட்டி, சாவி உங்க பாக்கெட்லதானே இருக்குன்னு திட்டுறா.”

சிற்பி சிரித்தாள். அவள் நெஞ்சுக்குள் சிறு பெருமிதம் ஒன்றும் இருந்தது. ஒன்பது நாளுக்கு முன்புதான் பழைய நிரலைச் செதுக்கி முடித்திருந்தாள். செதுக்கியதால் சிவப்பு மறைந்தது என்று அவள் எண்ணவில்லை. ஆயினும் அழகான நிரலும் அமைதியான திரையும் ஒரே வாரத்தில் வாய்த்தது ஓர் அருளாகவே பட்டது.

பத்தாம் நாள் காலை ஏழு மணி இரண்டு நிமிடத்துக்கு ஒரு பெயர் சிவந்தது. பட்டியலில் முதலாமவர், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். முதல் மணி முடியுமுன் எடுத்து, ஒன்றை அழுத்தி, கேட்பது இயந்திரம் என்று தெரிந்தும் “போலாம் ரைட்!” என்று கூவுபவர். ஊரே அவரை ‘ரைட்டு’ என்றுதான் அழைக்கும்.

“ரைட்டு ஐயாவா எடுக்கல?” கதவுதட்டி அண்ணன் சாவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினார்.

அவர் போன சிறிது நேரத்தில் மேசைத் தொலைபேசி ஒலித்தது. அழைத்தவர் பட்டியலில் இரண்டாமவர், முன்னாள் தபால்காரர். அண்ணி ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

“அம்மா, ரொம்ப சந்தோஷம். இன்னைக்காவது என் ஞாபகம் வந்துச்சே.”

“என்ன ஐயா சொல்றீங்க?”

“பத்து நாள் கழிச்சு உங்க மிஷின் இன்னைக்குத்தான் கூப்பிட்டுச்சு. ஏதோ கோவம்னு நெனச்சேன். போன மாசம் அது நலமான்னு கேட்டப்ப, ‘உனக்கென்ன, போய் வேலைய பாரு’ன்னு ஒரு தடவ சொல்லிட்டேன். அத மனசுல வச்சிருக்குமோன்னு…”

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிற்பியும் சிரித்தாள். சிரித்தபடியே, அவருடைய தொலைபேசியில்தான் பழுது என்று காட்டும் எண்ணத்தில், அழைப்புப் பதிவேட்டைத் திரையில் திறந்தாள். எந்த நாள், எந்த மணிக்கு, எந்த எண்ணுக்கு அழைப்புப் போயிற்று என்பதைக் கணினி தானே குறித்து வைக்கும் பட்டியல் அது. நாளுக்கு நாற்பத்தாறு வரிகள் இருக்க வேண்டும்.

நேற்றைய நாளில் ஒரே வரி இருந்தது. ரைட்டு ஐயாவின் எண்.

அதற்கு முந்தைய நாளிலும் ஒரே வரிதான். அதற்கும் முந்தைய நாளில் அதே.

அவள் சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது. அதை எடுத்து வைக்க மறந்துபோனாள். ஒன்பது நாள், ஒன்பது வரி. அறையில் விசிறி ஓடும் ஓசை திடீரெனப் பெரிதாகக் கேட்டது.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி?” என்றாள் அண்ணி, தபால்காரரிடம் விடைபெற்று வைத்துவிட்டு.

“அண்ணி… ஒன்பது நாளா ரைட்டு ஐயாவ தவிர நாம யாரையும் கூப்பிடல.”

“உளறாத. ஒரு சிவப்பு கூட இல்லையே.”

“கூப்பிட்டாத்தான எடுக்காம இருப்பாங்க? எடுக்காம இருந்தாத்தான செவக்கும்?”

அண்ணிக்கு அது உடனே விளங்கவில்லை. விளங்கியபோது நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றினாள்.

சிற்பி தன் நிரலைத் திறந்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. தானே தடவிப் பார்த்து மகிழ்ந்த வரி அது. இருந்த இடம் கைக்குத் தெரியும்.

கணினியின் நெஞ்சில் பெட்டிகள் பல உண்டு. சில எண்ணை ஏற்கும். சில பெயரை ஏற்கும். பூலியன் என்று வழங்கும் ஒருவகைப் பெட்டி மட்டும் இரண்டே சொற்களில் ஒன்றைத்தான் ஏற்கும்: உண்மை, இல்லையேல் பொய். நடுவில் நிற்பதற்கு அங்கே இடமில்லை. அத்தகைய பெட்டி ஒன்றுக்கு ‘இணைப்பு’ என்று பெயர். ஒவ்வொரு காலையும் அது பொய் என்று தொடங்கும். நாற்பத்தாறு பேரில் ஒருவராவது எடுத்துவிட்டால் உண்மையாகும். எல்லோரையும் அழைத்த பின்பும் பொய்யாகவே இருந்தால், தொலைபேசித் தடமே செத்துவிட்டது என்று பொருள். அப்போது கதவுதட்டி அண்ணன் நாற்பத்தாறு கதவுக்கும் போக வேண்டும். அவ்வளவே அப்பெட்டியின் வேலை. அதை நிரப்பப் பழைய நிரலில் ஒரு வரி இருந்தது: இவரை அழைத்து, எடுத்தாரா என்று பார், அல்லது இணைப்பு முன்பே உண்மை.

சிற்பி கல்லூரியில் தருக்கம் பயின்றவள். ‘அல்லது’ என்னும் சொல்லின் இருபுறத்தையும் இடம் மாற்றினாலும் பொருள் மாறாது என்பது அத்துறையின் முதல் பாடம். கையை எந்தப் பக்கம் திருப்பினாலும் விரல் ஐந்தே என்பது போல. முன்பே தெரிந்தது முன்னே வருவதும், இனி அறிய வேண்டியது பின்னே வருவதும் நல்ல நடை என்று கருதி, அவ்வரியைத் திருப்பி எழுதினாள்: இணைப்பு முன்பே உண்மை, அல்லது இவரை அழை. வாய்விட்டுப் படித்தபோது சந்தம் கூட நன்றாக இருந்தது. சோதித்தும் பார்த்தாள். ஒரே ஒரு கற்பனை ஆள் எடுப்பதாக ஒரு சோதனை. மூன்று கற்பனை ஆட்கள் யாருமே எடுக்காததாக ஒரு சோதனை. இரண்டும் தேறின.

தருக்கத்தில் ஒரு கூற்று இருந்த இடத்தில் இருக்கும். அதைப் பார்ப்பதால் உலகில் ஒன்றும் நிகழாது. நிரலில் அப்படியன்று. ‘அழை’ என்பது அங்கே கூற்றன்று, செயல். கணினியோ பெருஞ்சிக்கனக்காரன். ‘அல்லது’ என்பதன் இடப்பக்கம் உண்மையாகிவிட்டால், விடை தெரிந்துபோயிற்று என்று வலப்பக்கத்தைத் திரும்பியும் பார்க்க மாட்டான். ரைட்டு ஐயா எடுத்தார், இணைப்பு உண்மையாயிற்று. அதன்பின் நாற்பத்தைந்து முறையும் கணினி அதே வரியைப் படித்து, இடப்பக்கம் உண்மை என்று கண்டு, ஒருவரையும் அழைக்காமல் கடந்து போயிற்று. அழைக்காததால் யாரும் எடுக்கத் தவறவில்லை. தவறாததால் திரை சிவக்கவில்லை.

எதுவும் பழுதாகவில்லை. எல்லாம் எழுதியபடியே நடந்தது. அதுதான் அவளை உலுக்கிற்று.

“அண்ணி, பட்டியல எடுங்க. கையாலயே கூப்பிடலாம். நீங்க மேலேர்ந்து, நான் கீழேர்ந்து.”

இருவரும் இரண்டு தொலைபேசிகளை எடுத்துக்கொண்டு எதிரெதிரே அமர்ந்தனர். எஞ்சிய நாற்பத்து நான்கு எண்கள். ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் சிற்பி மூச்சை நிறுத்திக்கொண்டாள். யாரேனும் “அலோ” என்றதும் விட்டாள். சிலர் மகிழ்ந்தார்கள். சிலர் ஏசினார்கள். “காசு கட்டலன்னு நிறுத்திட்டீங்களோன்னு வெக்கமா இருந்துச்சு, அதான் கேக்கல,” என்றார் ஒருவர். “மழையில கம்பி அறுந்திருக்கும்னு விட்டுட்டேன்,” என்றார் மற்றொருவர். “நான் செத்தா யாருக்கு என்னன்னு ஆயிப்போச்சு பாத்தியா,” என்று சிரித்தாள் ஒரு மூதாட்டி. அந்தச் சிரிப்பு சிற்பியின் காதில் சூடுபட்டாற்போல் இறங்கிற்று.

எட்டு மணிக்கு முன் முப்பத்தேழு பேர் எடுத்துவிட்டார்கள். ஏழு பேர் எடுக்கவில்லை.

அப்போது படியில் செருப்பு ஒலிக்கக் கதவுதட்டி அண்ணன் ஏறி வந்தார். பின்னாலேயே கன்னம் வீங்கி, தலையைச் சுற்றி ஒரு துண்டை இறுகக் கட்டியபடி ரைட்டு ஐயா.

“பல்வலியாம். போன வீட்டுல வச்சிட்டு கீழ மருந்துக்கடைக்கு வந்து நிக்கிறாரு. அத விட்டு நான் அங்க போய் கதவ தட்டிக்கிட்டு இருக்கேன்,” என்று தொடங்கிய அண்ணன் இரு பெண்களின் முகத்தையும் பார்த்து நிறுத்தினார்.

சிற்பி சொன்னாள். எதையும் மறைக்காமல், நான்கு வாக்கியத்தில். அண்ணன் ஏழு உறைகளை எடுத்து அடுக்கினார். ரைட்டு ஐயாதான் துண்டை அவிழ்த்துவிட்டுக் கேட்டார்.

“இரும்மா. நான் காலைல ஒண்ண அமுக்குறது… அது எனக்கு மட்டும்தான?”

“உங்களுக்கு மட்டும்தான் இருந்திருக்கணும் ஐயா.”

“அப்ப என் ஒருத்தன் ‘ஆமா’வ வச்சு நாப்பத்தாறு பேரும் நல்லா இருக்காங்கன்னு முடிவு பண்ணிருச்சா?” வீங்கிய கன்னத்தோடு அவர் அப்படியே நின்றார். “முப்பது வருஷம் கண்டக்டரா இருந்தேன். ஒருத்தன் ஏறுனதும் நான் விசில் அடிச்சதில்லையேம்மா. எல்லாரும் ஏறியாச்சான்னு திரும்பிப் பாத்துட்டுத்தான் அடிப்பேன்.”

அவர் துண்டை மீண்டும் கட்டிக்கொண்டு, “நானும் வரேன்,” என்றார்.

அண்ணி மேசையில் இருக்க, சிற்பியும் ஏறிக்கொண்டாள்; வண்டி மழைக்குள் புறப்பட்டது. முதல் வீட்டில் முன்னாள் செவிலி வானொலியை அலற விட்டுக்கொண்டு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வீட்டில், “அடிக்காத போனுக்கு எதுக்குக் கரண்டு?” என்று சொருகியைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். மூன்றாமவர் தொலைபேசியை நீரில் போட்டுவிட்டு அரிசி டப்பாவுக்குள் புதைத்திருந்தார். அண்ணன் மூடியைத் திறக்க, அரிசிக்குள்ளிருந்து சிற்பியின் அழைப்பு இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. நான்காமவர் மகள் வீட்டுக்குப் போயிருப்பதாக எதிர்வீட்டார் சொன்னார்கள். மகளிடம் பேசி உறுதிசெய்துகொண்டார்கள். ஐந்தாமவர் உறக்கத்தில் இருந்து எழுந்து வந்து, நால்வகையாகத் திட்டினார். அவ்வளவு இனிய வசவைச் சிற்பி அதுவரை கேட்டதில்லை. ஆறாமவர் குளித்த ஈரத்தலையோடு கதவைத் திறந்தார்.

ஒவ்வொரு கதவு திறந்தபோதும் ரைட்டு ஐயா பின்னிருக்கையில், “ஒண்ணு ஏறியாச்சு… ரெண்டு ஏறியாச்சு…” என்று முணுமுணுத்தார். ஆறு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

ஏழாம் வீட்டுக்குத் திரும்பும் முனையில் அண்ணி அழைத்தாள்.

“சிற்பி, கடைசி வீடு யாரு? தையல்காரம்மாவா?”

“ஆமா அண்ணி.”

“அந்தம்மா போன வாரம் எனக்குப் போன் பண்ணாங்கடி. நாலாம் நாளோ என்னமோ. மணி அடிக்கலையேன்னு கேட்டாங்க. நான் திரைய பாத்தேன். ஒரு சிவப்பும் இல்ல. ‘உங்க பேரு நல்லாத்தாம்மா இருக்கு, நாங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம், நிம்மதியா இருங்க’ன்னு சொன்னேன். நானே சொன்னேன்டி.” தொலைபேசியை வைத்துவிட்டாள்.

தையல்காரம்மா ஒரு குறுகிய சந்தின் கோடியில், தரைத்தளத்தில் இருந்தார். அறுபத்தொன்பது வயது, கணவர் இல்லை, பிள்ளை இல்லை. வாசலில் மூன்று நாள் பால் பொட்டலங்கள் மழையில் நனைந்து கிடந்தன. அவற்றைக் கண்டதும் அண்ணனின் நடை மாறிற்று. தட்டினார். பதினோரு ஆண்டுத் தட்டல்; உறங்குபவரை எழுப்பும் தட்டல், கேளாச் செவிக்கான தட்டல், அக்கம்பக்கத்தை அழைக்கும் தட்டல் என அத்தனையும் தட்டினார். பின் உறையைக் கிழித்துச் சாவியை எடுத்தார்.

முன்னறையில் தையல் இயந்திரத்தின் ஊசிக்குக் கீழே பாதி தைத்த ஒரு சட்டைக்கை கிடந்தது. குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

அவர் தரையில் கிடந்தார். ஒரு கால் இயல்பல்லாத கோணத்தில் மடங்கியிருந்தது. வலக்கை மணிக்கட்டு வீங்கிக் கறுத்திருந்தது. தலைமாட்டில் இருந்த தாழ்ந்த குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது.

சிற்பி வாசலிலேயே நின்றுவிட்டாள். ‘நான் கொன்றேன்’ என்ற இரண்டே சொல் கொண்ட சிறு வாக்கியம் அவள் மண்டைக்குள் ஒருமுறை ஓடி, இரண்டாம் முறையும் ஓடத் தொடங்கியபோது, கீழே கிடந்தவரின் இமை அசைந்தது.

“வந்துட்டீங்களா,” என்றார் தையல்காரம்மா. உலர்ந்த இலையை உரசினாற்போன்ற குரல்.

அண்ணன் மண்டியிட்டு, தண்ணீரைத் துணியில் நனைத்து அவர் உதட்டில் வைத்தார். ரைட்டு ஐயா ஏற்கெனவே சந்துக்கு ஓடி, பக்கத்து வீட்டாரின் தொலைபேசியை வாங்கி, அந்த வீங்கிய வாயாலேயே ஆம்புலன்சுக்குக் கத்திக்கொண்டிருந்தார்.

“எப்பம்மா விழுந்தீங்க?”

“முந்தாநாள் காலைல. ஏழு அடிக்கல இன்னும்.” சற்று மூச்சு வாங்கினார். “பயமில்ல. போன் எடுக்க மாட்டேன், என் பேரு செவந்துரும், தட்டுறவரு வந்துருவாருன்னு நெனச்சேன். மணி அடிக்கல. சரி, இப்பல்லாம் மணி அடிக்காமலே பாக்குறாங்க, அந்தப் பொண்ணு சொல்லுச்சேன்னு… இப்ப செவந்திருக்கும், இப்ப செவந்திருக்கும்னு… ஏழு ஏழா எண்ணிக்கிட்டே படுத்திருந்தேன்.”

சிற்பி அவர் தலைமாட்டில் ஈரத்தரையில் அமர்ந்தாள். எடுக்கப்படாமல் போவதற்காகவே ஒரு மணியோசையை இரண்டு நாள் எதிர்பார்த்துக் கிடந்திருக்கிறார். அந்த மணியை நிறுத்தியது, படிக்க இனிதாயிருக்கிறது என்று அவள் திருப்பிப் போட்ட ஒரு வரி.

ஆம்புலன்சு வந்தது. தூக்கியவர்களில் ஒருவர், “குழாய் எட்டுற தூரத்துல இருந்துச்சு, அதான். இன்னும் ஒரு நாள் போயிருந்தா கஷ்டம்,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்னும் ஒரு நாள். ரைட்டு ஐயாவின் பல் இன்று வலித்திராவிட்டால் அது எத்தனை நாளாயிருக்கும் என்று எண்ணப் புகுந்த சிற்பி, எண்ணி முடிக்க அஞ்சி நிறுத்திக்கொண்டாள். திரும்பும் வழியில் கதவுதட்டி அண்ணன் ஒரு முனையில் வண்டியை நிறுத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு மீண்டும் ஓட்டினார்.

அன்று பிற்பகல் அவள் அவ்வரியைத் திருத்தினாள். ‘அழை’ என்பதை ‘அல்லது’ என்பதன் எந்தப் பக்கத்திலும் வைக்கவில்லை. தனி வரியில், தனியே நிற்க வைத்தாள். முதலில் அழைக்கும், விடையைத் தனிப் பெட்டியில் வாங்கும், அதற்குப் பிறகே சேர்க்கும். ஒரு வரி மூன்றாயிற்று, அழகு குறைந்தது. முதல் ஆள் எடுத்து மற்றவர் எடுக்காத சோதனை ஒன்றையும், அழைத்தவர் தொகை நாற்பத்தாறு ஆகாவிட்டால் திரை முழுவதும் சிவக்கும் ஏற்பாட்டையும் எழுதினாள். அண்ணி அருகில் நின்று பார்த்தாள்.

“மேலிடத்துல என்ன சொல்லப் போற?”

“நான் பண்ணேன்னு.”

“மிஷின் கோளாறுன்னா யாரு கேக்கப் போறா?” என்றாள் அண்ணி. சொன்ன கணமே தலையை ஆட்டி, “வேணாம், விடு. நானும் எழுதித் தரேன். அந்தம்மா கேட்டப்ப ஒரு நம்பர் போட்டுப் பாக்க எனக்குக் கை வரல,” என்றாள்.

மறுநாள் நண்பகல் சிற்பி மருத்துவமனைக்குப் போனாள். தையல்காரம்மாவின் இடுப்பில் அறுவை முடிந்திருந்தது. வலக்கை முழங்கை வரை மாவுக்கட்டில் இருந்தது. இடக்கையில் மருந்துக்குழாய். முகத்தில் மட்டும் உயிர் திரும்பியிருந்தது. எட்டுப் படுக்கைகள் கொண்ட நீண்ட அறையில் அவருடையது சன்னலோரம்.

“ஏதோ மிஷின் ரிப்பேர்னு நர்ஸ் சொல்லுச்சு,” என்றார்.

“ரிப்பேர் இல்லம்மா. நான்தான்.” சிற்பி நின்றுகொண்டே சொன்னாள், உட்கார மனம் வரவில்லை. “நல்லா இருந்த ஒரு வரிய அழகா இருக்கட்டும்னு மாத்தி எழுதினேன். எத மொதல்ல செய்யணும், எத அப்புறம் பாக்கணும்ங்கறத தலைகீழாப் போட்டுட்டேன். அதனால ரைட்டு ஐயாவ கூப்பிட்டதும் உங்க யாரையும் கூப்பிடாம விட்டுருச்சு. சரியான்னு சோதிச்சும் பாத்தேன். சரின்னு வந்துச்சு.”

தையல்காரம்மா அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மன்னிப்பு எளிதில் வந்து உட்காரவில்லை.

“சட்டையோட பக்கத்த மூடித் தச்சுட்டு, அப்புறம் பையி வச்ச மாதிரி,” என்றார். “வெளிய பாத்தா சட்டை நல்லாத்தான் இருக்கும். கைய விட்டாத்தான் தெரியும்.”

“ஆமாம்மா.”

“எனக்குக் கோவம் வருதுடி.”

“வரட்டும்மா.”

“அந்தத் தரை எவ்வளவு சில்லுன்னு இருந்துச்சு தெரியுமா? ரெண்டாம் நாள் ராத்திரி, யாருக்கும் நான் இருக்கறதே தெரியாது போலன்னு தோணுச்சு. அதுதான் இடுப்பு வலிய விடப் பெரிய வலி.” கண்ணோரத்தில் நீர் திரண்டு காதை நோக்கி வழிந்தது, துடைக்க அவருக்குக் கை இல்லை. சிற்பி தன் முந்தானையால் துடைத்தாள்.

சன்னலுக்கு வெளியே மழை இழை இழையாய் இறங்கிக்கொண்டிருந்தது. அவரே தணிந்த குரலில் பேசினார்.

“தெனமும் விடிஞ்சதும் கும்பிடுவேன். விழுந்த எடம் குளியலறையாச்சே, அங்க கெடந்துக்கிட்டு சாமி பேரச் சொல்லலாமான்னு ரெண்டு நாளும் வாய மூடிக்கிட்டே இருந்தேன். பைத்தியம் மாதிரி. இப்ப கும்பிடலாம்னா கை சேர மாட்டேங்குது.” மாவுக்கட்டுக் கையையும் குழாய் சொருகிய கையையும் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி இருந்தது.

சிற்பி கட்டிலின் இடப்பக்கம் வந்து, கீழே மண்டியிட்டாள். கல்லூரிக் காலத்துக்குப் பிறகு அவள் எதன் முன்னும் மண்டியிட்டதில்லை. குழாய் அசையாதபடி அவருடைய இடக்கையை மெல்ல நிமிர்த்தி, அந்த உள்ளங்கையோடு தன் வலது உள்ளங்கையைப் பொருத்தினாள். ஊசி பிடித்துக் காய்த்த விரல்கள் அவள் விரல்களோடு நேர்நேராய் அமைந்தன. இருவர் கையும் சேர்ந்து ஒரு கும்பிடு ஆயிற்று.

தையல்காரம்மா கண்களை மூடினார். உதடுகள் அசைந்தன, ஒலி வரவில்லை. சிற்பிக்குச் சொல்லத் தெரிந்த துதி ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பட்டியலில் இருந்த பெயர்களை முதலில் இருந்து கடைசி வரை, ஒன்றும் விடாமல், மனத்துக்குள் ஒவ்வொன்றாய்ச் சொன்னாள். நாற்பத்தாறாவது பெயர் முடியும்வரை இருவருமே கையை எடுக்கவில்லை.

தையல்காரம்மா கண்ணைத் திறந்தார். சேர்ந்திருந்த கையை அப்படியே சிறிது உயர்த்தி, அவள் நெற்றியில் படும்படி வைத்தார்.

“நல்லா இரு. உன் கண்ணுல இருந்து ஒருத்தரும் தப்பாம, எல்லாரும் நல்லா இருக்கட்டும்.”